முனகும் மின்விசிறி



ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை கல்வியின் மேன்மையைப் பற்றியோ காலத்தின் அருமையைப் பற்றியோ இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அவ்விதியை இவ்வாண்டு சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நம் பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பறையில் தொங்கும் பழைய மின்விசிறியைப் பற்றி எழுத எண்ணுகிறேன். "அந்தக் காத்தாடிய எப்படிங்க மறுபடியும் ஓட வச்சீங்க?" என்று கேளாத பெற்றோர் இல்லை. கோயில் வாசலிலும் கேட்டனர், கடைத்தெருவிலும் கேட்டனர். அவர்களுக்கெல்லாம் தனித்தனியே துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒருசேரச் சொல்லிவிடுகிறேன். நம் லயத்து வீடுகள் பலவற்றிலும் இதே நோய் கண்ட விசிறிகள் இருப்பதை நான் கண்கூடாகப் பார்த்திருப்பதும் இதனை எழுதுவதற்கு ஒரு காரணம்.

அவ்விசிறி இக்காலத்து இலேசான விசிறிகளைப் போன்றதன்று. ஜப்பான் நாட்டில் செய்யப்பட்டது. இறக்கையின் ஒரு முனை சுற்றும் வட்டம் 60 அங்குல அகலம் கொண்டது. வார்ப்பிரும்பு உடல்; தகட்டு இறக்கைகள் மூன்று. அதனைக் கழற்றி இறக்க வேண்டுமானால் இரண்டு ஆடவர் வேண்டும். அதன் அடிக்கிண்ணத்தில் வெள்ளைச் சாயத்தால் 'தோட்டத் தொழிலாளர் உபயம் 1976' என்று எழுதப்பட்டுள்ளது. கோயில் விளக்குகளிலும் விசிறிகளிலும் உபயகாரர் பெயரை எழுதுவது நம்மவரின் நெடுநாள் வழக்கம். விளக்கில் எழுதினால் வெளிச்சம் குறைகிறது. விசிறியில் எழுதினாலோ, அது நின்றால்தான் பெயரைப் படிக்க முடிகிறது. இருந்தும் எழுதுகிறோம்!

இவ்விசிறியின் வரலாற்றை எனக்குச் சொன்னவர் நம் தோட்டத்து ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். தம் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அவரைப் 'பெரியவர்' என்றே இக்கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன். 1976-ஆம் ஆண்டுக்கு முன்னர் நம் தோட்டத்தில் மின்சாரம் என்பது ஆலை ஜெனரேட்டர் தருவதுதான். மாலையில் ஓடத் தொடங்கும், இரவு நின்றுவிடும். பகல் நேரத்துப் பள்ளிக்கு அதனால் பயன் ஏதும் இல்லை. பின்னர் தேசிய மின்சார வாரியத்தின் கம்பி தோட்டத்திற்கு வந்தது. எல்.எல்.என். என்று நம்மவர் சொன்ன அவ்வாரியம், 1990-ஆம் ஆண்டில் தெனாகா நேஷனல் என்று மாறியது. கம்பி வந்த ஆண்டில், பெரட்டுக்களத்திலேயே ஆளுக்கு ஒரு வெள்ளி என்று பணம் பிரித்து, துத்தநாகக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்த சின்னப் பிள்ளைகளுக்காக இவ்விசிறியை வாங்கி மாட்டினார்கள். பால்வெட்டுக் கூலி வாங்கியவர்களுக்கு ஒரு வெள்ளி அன்று சிறு தொகையன்று. "வெள்ளி கொடுக்காத வூடு ஒண்ணுகூட இல்லீங்க ஐயா" என்றார் பெரியவர்.

கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. பலர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபோய்விட்டனர். இவ்வாண்டு முதலாம் ஆண்டில் பயில்வோர் ஒன்பது பேர். அவ்வொன்பதின்மரில் நால்வருடைய பாட்டன் பாட்டிமார் அந்த வெள்ளியைக் கொடுத்தவர்கள்.

இனி நோய்க்கு வருவோம். ஆண்டுத் தொடக்கத்தில், ரெகுலேட்டரை ஒன்றாம் எண்ணில் வைத்தால் விசிறி சுழலவில்லை. இரண்டில் வைத்தால் சோம்பலாகச் சுழன்றது. ஏப்ரல் மாதத்தில் ஐந்தில் வைத்தாலும் அரைமனத்தோடு சுழன்றது. பின்னர் ஒருநாள் சுவிட்சைப் போட்டால் 'உம்ம்' என்ற முனகல் மட்டும் கேட்டது, இறக்கை அசையவில்லை. நம் மாணவர்களின் கண்டுபிடிப்புத் திறனைக் குறைவாக மதிப்பிடலாகாது. துடைப்பக் கட்டையால் இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் அது சுழலத் தொடங்கிவிடும் என்பதைச் சில நாள்களிலேயே கண்டுகொண்டனர். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், காலை மணி அடிப்பதற்கு முன்னரே வந்து, மேசைமேல் ஏறி நின்று இத்திருப்பணியைச் செய்து வந்தான். நற்செயலாக எண்ணியே செய்தான். அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அன்றைக்கே விசிறியின் இணைப்பைத் துண்டித்து, சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டி மூடினேன்.

காரணத்தைப் பெற்றோர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஆடும் மேசையின்மேல் நிற்கும் சிறுவனின் முகத்திற்கு நேரே இரும்புத் தகடு சுழலத் தொடங்குகிறது என்பது ஒன்று. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. சுழலாமல் முனகிக்கொண்டிருக்கும் மோட்டாரிலும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது சுழற்சியாக மாற வழியின்றி வெப்பமாக மாறுகிறது. பழைய விசிறிகள் பலவற்றில், வெப்பம் மிகுந்தால் தானே இணைப்பை அறுத்துக்கொள்ளும் பாதுகாப்பு உறுப்பும் கிடையாது. தள்ள ஆள் வரும்வரை முனகட்டும் என்று விட்டுவைத்தால், கம்பிச் சுற்றின் காப்புப்பூச்சு கருகும். சில வேளைகளில் தீயும் பற்றும். வீட்டில் மேசை விசிறியின் கூண்டைக் கழற்றிவிட்டு விரலால் இறக்கையைத் தள்ளிவிடும் பழக்கம் நம் தோட்டத்தில் உண்டு. அதைச் செய்யும் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பள்ளி வாரியக் கூட்டத்தில் இச்செய்தி பேசப்பட்டது. பழையதைப் பழைய இரும்பு வாங்குபவருக்குக் கொடுத்துவிட்டுப் புதிதொன்று வாங்கலாம், 200 வெள்ளியில் முடிந்துவிடும் என்றனர். நியாயமான கருத்துதான். வாரியத்தார் கஞ்சரும் அல்லர், நன்றி மறந்தவரும் அல்லர். பிள்ளைகள் வேர்க்கிறார்கள் என்பதே அவர்கள் கவலை. நான் இரண்டு வாரத் தவணை கேட்டேன். பழையது என்பதற்காகவே ஒன்றைக் கட்டிக்கொண்டு அழும் இயல்பு எனக்கில்லை. கருகிய வாடை வந்திருந்தால் நானே இரும்புக்காரரை அழைத்திருப்பேன். ஆனால் தள்ளிவிட்டால் சுழல்கிற விசிறி செத்த விசிறியன்று என்பது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் பயின்ற நாளிலிருந்து எனக்குத் தெரியும். அதனால்தான் பெரியவரின் வீட்டுக்கு ஆளனுப்பினேன்.

அவர் வந்து செய்த சோதனையை மாணவர்கள் கவனித்திருக்க வேண்டும். கருவி ஏதும் இல்லை. முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஏணியில் ஏறி, விரலால் இறக்கையைச் சுண்டினார். அது ஓசையின்றி நெடுநேரம் சுழன்று மெல்ல நின்றது. "இடுப்பு நல்லா இருக்குங்க ஐயா" என்றார். உள்ளேயிருக்கும் குண்டுத் தாங்கியில் குற்றமில்லை என்பது பொருள். சுண்டும்போதே இறுக்கமாக இருந்திருந்தால் நோய் வேறு, மருந்தும் வேறு. பிறகு பிள்ளைகளையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு, மின்சாரத்தைப் போட்டார். தாம் தரையில் நின்றபடியே ஓர் ஆள் உயர உலர்ந்த மூங்கிற்கழியால் இறக்கையை வலப்புறம் தள்ளினார். வலமாகச் சுழன்றது. அணைத்து நிறுத்திவிட்டு, இடப்புறம் தள்ளினார். இடமாகவும் சுழன்றது!

"பாத்தீங்களா, இதுக்குத் தெசை தெரியல. கண்டென்சர்தான்."

இந்த ஒரு வரியில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. அதனை விளக்க, தாய்மார்கள் நன்கறிந்த கால்மிதி தையல் இயந்திரத்தைத் துணைக்கு அழைக்கிறேன். நின்றிருக்கும் இயந்திரத்தின் மிதிபலகையைக் காலால் மட்டும் அழுத்தினால் என்ன நேர்கிறது? சக்கரம் முன்னோக்கியும் சுழலலாம், பின்னோக்கியும் சுழலலாம். சில வேளைகளில் அசையாமல் முரண்டும் பிடிக்கும். மிதி மேலும் கீழும் போகிறதே தவிர, எத்திசையில் சுழல வேண்டும் என்று அது சக்கரத்திற்குச் சொல்வதில்லை. ஆகையால்தான் தையற்காரம்மாள் கைச்சக்கரத்தைத் தம் பக்கமாக ஒரு சுற்று உருட்டிவிட்டு, அதன்பின் மிதிக்கிறார். ஒருமுறை திசை பிடித்துவிட்டால் பிறகு மிதியே போதும்.

வீட்டுக்கு வரும் மின்சாரமும் இத்தகைய மிதிதான். நம் நாட்டில் அது ஒரு விநாடிக்கு 50 முறை போய்த் திரும்பும் மாறுதிசை மின்னோட்டம். ஒரே கம்பிச் சுற்றில் அதனைச் செலுத்தினால், அங்கே தோன்றும் காந்த ஆற்றல் கூடிக் குறைந்து, திசை மாறி மாறித் துடிக்கும், வட்டமாகச் சுற்றாது. துடிப்புக்கு ஏற்பத்தான் அந்த 'உம்ம்' ஒலி. எனவே விசிறி செய்வோர் உள்ளே இரண்டாவது கம்பிச் சுற்று ஒன்றையும் வைத்து, அதனோடு மின்தேக்கி ஒன்றைத் தொடராக இணைக்கின்றனர். பெரியவர் கண்டென்சர் என்று சொன்னது இம்மின்தேக்கியையே. இதன் வழியே போகும் மின்னோட்டம், முதற்சுற்றின் மின்னோட்டத்திற்கு முந்திக்கொண்டு உச்சத்தை அடைகிறது. முந்தும் நேரம் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு விநாடி. அவ்வளவே! முதலில் ஒரு பக்கம் இழுப்பு, அடுத்த கணம் பக்கத்தில் இழுப்பு என்று காந்த ஆற்றல் வட்டமாக நகர்கிறது. விசிறியின் உடல் அதனைப் பின்தொடர்ந்து சுழல்கிறது. தையற்காரம்மாளின் கை செய்யும் வேலையை விசிறிக்குள் மின்தேக்கி செய்கிறது. அது சோர்ந்துவிட்டால் அவ்வேலைக்குத் துடைப்பக் கட்டை வர வேண்டியதாகிறது.

கூரை விசிறியில் இன்னொரு வேடிக்கை. நடுவில் அசையாமல் நிற்பது கம்பிச் சுற்று. நாம் மோட்டாரின் மூடி என்று எண்ணும் வெளியோடுதான் சுழல்கிறது. இறக்கைகள் அவ்வோட்டின் மேலேயே முடுக்கப்பட்டுள்ளன. மோட்டாரை உள்ளிருந்து வெளியாகப் புரட்டிப் போட்டாற்போன்ற அமைப்பு இது.

காந்த ஆற்றலை இவ்வாறு வட்டமாகச் சுற்றவிடும் வழியை 1888-ஆம் ஆண்டில் இருவர் உலகிற்கு அறிவித்தனர். ஒருவர் இத்தாலி நாட்டு டூரின் நகரத்துப் பேராசிரியர் கலிலியோ ஃபெராரிஸ்; மற்றவர் அமெரிக்காவில் குடியேறிய நிக்கோலா தெஸ்லா. ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துச் செய்யவில்லை. மின்தேக்கியின் கதை அதனினும் பழையது. ஜெர்மனியில் ஃபான் கிளைஸ்ட் 1745-ஆம் ஆண்டிலும், ஹாலந்து நாட்டு லைடன் நகரில் மஸ்சென்புரோக் அதனையடுத்தும், கண்ணாடிக் குடுவைக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கலாம் எனக் கண்டனர். கண்டதும் எப்படி? கையில் வாங்கிய அதிர்ச்சியால்தான்! 1746-இல் பிரான்சு நாட்டு நொலே என்னும் பாதிரியார், மன்னரின் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கச் செய்து, ஒரு குடுவையின் மின்சாரத்தை அவர்கள் வழியே பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்தனராம். இதை வகுப்பில் சொன்னபோது, நாமும் செய்து பார்க்கலாமா என்று கேட்டவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இன்றைய மின்தேக்கிக்குள் கண்ணாடி இல்லை. மயிரிழையினும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மேல் உலோகத்தை ஆவியாகப் படியவைத்து, இரு படலங்களைச் சேர்த்துச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள். இதற்கு ஓர் அரிய குணம் உண்டு. படலத்தில் எங்கேனும் ஓட்டை விழுந்து மின்சாரம் பாய்ந்தால், அவ்விடத்தைச் சுற்றியுள்ள உலோகம் நொடியில் ஆவியாகி மறைந்து, புண் தானே ஆறிவிடும். ஆனால் ஒவ்வொரு புண்ணும் ஆறும்போது சிறிதளவு உலோகப் பரப்பை இழக்கிறது. இடி மின்னல் மிகுந்த நம் நாட்டில் மின்கம்பியில் வரும் திடீர் அழுத்தம் ஒருபக்கம். கூரைக்கடியில் தேங்கும் நண்பகல் வெப்பம் மறுபக்கம். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து, மின்தேக்கியின் கொள்ளளவு குறைகிறது. நம் விசிறி ஒரே நாளில் நிற்காமல், ஒன்றாம் எண்ணில் முதலிலும் ஐந்தாம் எண்ணில் கடைசியிலும் கைவிட்டதன் காரணம் இதுவே.

பள்ளி விடுமுறையின் முதற்சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். வகுப்பறைச் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது என்றார் பெரியவர். பழைய கட்டடங்களில் சுவிட்சைத் தவறான கம்பியில் இணைத்திருப்பதும் உண்டு. அப்போது சுவிட்சு அணைந்திருந்தாலும் விசிறியில் மின்சாரம் நிற்கும். ஆகவே மெயின் சுவிட்சை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்கு முன்னரே அவர் தம் டெஸ்டரை மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். எரியாத டெஸ்டரை நம்பிக் கம்பியைத் தொட்டவர்களைப் பட்டறையில் பார்த்திருக்கிறாராம்.

மோட்டாருக்கு மேலே, தொங்கும் தண்டின் அடியில் ஒரு தகரக் கிண்ணம் உண்டு. அதன் திருகாணியைத் தளர்த்தி மேலே தூக்கியதும், கறுப்பு நாடா சுற்றிய சிறிய பெட்டி ஒன்று தெரிந்தது. பெரியவர் சிறிது நேரம் பேசாமல் அதனையே பார்த்தார். பின்பு, "இது நான் கட்டுன முடிச்சுங்க ஐயா" என்றார். 1991-ஆம் ஆண்டில் இவ்விசிறியின் முதல் மின்தேக்கி பழுதானபோது அதனை மாற்றியவரும் அவரே. அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் இப்போது பினாங்கில் வேலை செய்கிறார்.

அம்முதல் மின்தேக்கியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது எண்ணெய் நிரப்பி அடைக்கப்பட்ட உலோக டப்பாவாம். அக்காலத்து எண்ணெய் மின்தேக்கிகள் பலவற்றில் பி.சி.பி. எனப்படும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. அமெரிக்கா 1979-இல் அதன் உற்பத்தியைத் தடைசெய்தது. பின்னர் 2001-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலகளவில் அதனை ஒழிக்க வழிவகுத்தது. பழைய விசிறியிலோ குழல்விளக்குப் பெட்டியிலோ எண்ணெய் கசியும் டப்பாவைக் கண்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்க வேண்டாம். வெறுங்கையால் தொடாமல், பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும். ஆற்றோரம் வீசுவதும், குப்பையோடு எரிப்பதும் வேண்டவே வேண்டாம்.

மின்தேக்கியில் எஞ்சிய மின்சாரம் இருக்கக்கூடும் என்பதால், பெரியவர் அதன் இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் இரு கம்பிகளோடு சற்று நேரம் தொடவைத்தார். இத்தனைச் சிறிய மின்தேக்கியின் மின்சாரம் ஆளைக் கொல்லும் அளவினதன்று. ஆனால் ஏணியின் உச்சியில் நிற்பவரை உதறித் தள்ளிவிட அது போதும். எந்தக் கம்பி எதனோடு சேர்ந்திருந்தது என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கீழிருந்தபடியே தாளில் வரைந்து வைத்தாள். நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைமையான கம்பிகளின் நிறம் வெளிறிப்போயிருக்கும், நிறத்தை நம்பலாகாது. வெட்டி எடுத்த மின்தேக்கியை அறிவியல் அறையின் மீட்டரில் வைத்தோம். அதன்மேல் அச்சிட்டிருந்த அளவு 2 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டியதோ 0.7. மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞரின் பெயரால் வழங்குவது ஃபாரட் என்னும் அலகு. அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோஃபாரட். பழைய பெட்டிகளில் இதனையே எம்.எஃப்.டி. என்று அச்சிட்டிருப்பார்கள்.

அன்று பிற்பகலே பட்டணத்து மின்கடைக்குச் சென்றோம். கடைப்பையன் 3.5 மைக்ரோஃபாரட் உள்ளதை எடுத்துக் கொடுத்து, "இது இன்னும் வேகமா ஓடும் அங்கிள்" என்றான். பெரியவர் வாங்க மறுத்துவிட்டார். நான் அவரை மெச்சியது அவ்விடத்தில்தான். அளவு கூடினால் இரண்டாவது கம்பிச் சுற்றில் மின்னோட்டம் மிகுந்து, அது வெதும்பத் தொடங்கும். கம்பிச் சுற்று கருகிவிட்டால் பிறகு விசிறி மெய்யாகவே இரும்புக்காரருக்குத்தான். கொள்ளளவு பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். வோல்ட்டளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருத்தலாகாது. நம் வீட்டு மின்னழுத்தம் 230, 240 வோல்ட்டுதானே, 250 வோல்ட்டு மின்தேக்கி போதாதா என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. சுழலும் விசிறியில் மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே வீட்டு மின்னழுத்தத்தைக் காட்டிலும் மிகுதியான அழுத்தம் ஏற்படுவதுண்டு. நம் பழைய பெட்டியில் 400 வோல்ட்டு என்று இருந்தது. அதையே கேட்டு வாங்கினோம். மாறுதிசை மின்னோட்டத்திற்கு உரியது என்று அதன்மேல் குறித்திருக்க வேண்டும். வானொலிப் பெட்டியில் இருக்கும் உருளை வடிவ மின்தேக்கி இதற்கு ஆகவே ஆகாது. விலை 9 வெள்ளி. பயணச் செலவைப் பெரியவர் வாங்கிக்கொள்ளவில்லை.

மாட்டுவது அரைமணி நேர வேலை. இம்மின்தேக்கியின் இரு கம்பிகளுக்கும் நேர், எதிர் என்ற வேறுபாடு கிடையாது. எதனை எதில் இணைத்தாலும் ஒன்றே. பெரியவர் நாடாவால் முறுக்கிக் கட்டும் பழைய முறையை விட்டு, இம்முறை திருகாணி இணைப்புக் கட்டையைப் பயன்படுத்தினார். "அப்ப இது கெடைக்கல, இப்ப கெடைக்குது" என்பது அவர் விளக்கம். சுழலும் ஓட்டில் கம்பி உரசாதவாறு மடித்து வைத்து, கிண்ணத்தை மூடினார். இறக்கைகளின் மேற்புறத்தில் விரல் தடிப்பத்திற்குப் படிந்திருந்த தூசியையும் துடைத்தோம்.

ஓர் இறக்கையின் நுனியில் சிவப்புக் காகிதத் துண்டு ஒன்றை முன்னரே ஒட்டி வைத்திருந்தேன். பழைய மின்தேக்கியோடு, ஐந்தாம் எண்ணில், பெரியவரின் மூங்கிற்கழியால் தள்ளிவிட்டுப் பார்த்தபோது 10 விநாடியில் 11 சுற்று. அதாவது நிமிடத்திற்கு 66. இதனைக் கணக்குப் பாடமாகவே ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எண்ணி எழுதியிருந்தனர். இப்போது மெயின் சுவிட்சைப் போட்டு, ஒன்றாம் எண்ணில் திருப்பினோம். முனகல் இல்லை. யாரும் தள்ளாமலே இறக்கைகள் அசைந்தன. இரண்டு, மூன்று, நான்கு என்று திருப்பத் திருப்ப, சிவப்புக் காகிதம் முதலில் கோடாகவும் பின்னர் வளையமாகவும் மாறிற்று. ஐந்தாம் எண்ணில் எண்ணுவதற்கு எவராலும் முடியவில்லை. மேசைமேல் இருந்த ஓவியத் தாள்கள் பறந்து, பிள்ளைகள் அவற்றைத் துரத்தினர். பெரியவர் கீழே நின்று அண்ணாந்து, திருகாணிகள் ஆடுகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் விசிறி வைத்திருப்போருக்குச் சில சொல். மேசை விசிறியாயின் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் தாங்கியில் எண்ணெய் வற்றிவிட்டது என்று பொருள். தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெயை ஊற்ற வேண்டாம். அது நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசின்போல் ஆகிவிடும். இலேசாகச் சுழல்கிறது, ஆனால் மின்சாரம் போட்டால் முனகுகிறது என்றால், பெரும்பாலும் நம் பள்ளி விசிறிக்கு வந்த நோய்தான். உடனே அணைத்துவிட்டு, வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். கருகிய வாடை வந்ததா, உடலைத் தொட்டால் உதறுகிறதா, அதனைப் பழுதுபார்க்க முயல வேண்டாம். தூக்கி எறிவதே நன்று. வீட்டுச் சுவர்க்கம்பிகளையோ மெயின் பெட்டியையோ மாற்ற வேண்டுமாயின், எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற கம்பியாளரே அதனைச் செய்ய வேண்டும். பெரியவருக்கு அச்சான்று இருந்தது. அதன் நகலை எனக்குக் காட்டிய பின்னரே ஏணியில் கால் வைத்தார். மாணவர்கள் ஒருவரும் மின்பொருளைத் திறக்கலாகாது. பார்க்கலாம், கேட்கலாம், வரையலாம்.

வாரியக் கூட்டத்தில் 9 வெள்ளிக்கான ரசீதைக் கொடுத்தேன். மிஞ்சிய பணத்தில் முதலாம் ஆண்டு வகுப்பறையின் இரு சன்னல்களுக்கும் புதிய கீல் போட இசைந்தனர். அடிக்கிண்ணத்து எழுத்துகளைப் பிள்ளைகள் இப்போது காலை மணி அடிப்பதற்கு முன்னும், பள்ளி விட்ட பின்னும் மட்டுமே படிக்க முடிகிறது. 'உபயம் என்றால் என்ன சார்?' என்று கேட்ட சிறுமியிடம், அவளுடைய பாட்டியிடம் போய்க் கேட்கச் சொன்னேன். மறுநாள் பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார். விசிறி ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம். பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் அமர்ந்து, பத்து நிமிடம் காற்று வாங்கிவிட்டுப் போனார்.

மூன்றாம் ஆண்டு வகுப்பறை விசிறியில் சில நாள்களாகக் 'கிறீச்' என்ற ஒலி வருகிறது. அது மின்தேக்கியின் வேலையன்று, தாங்கியின் வேலை என்கிறார் பெரியவர். அதனைக் கழற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும். அடுத்த விடுமுறையின் முதற்சனிக்கிழமை காலை 8 மணிக்கு வர இயன்ற பெற்றோர் அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.